எண்பத்திரண்டும் ஒரு சாய்ந்த தென்னையும்

ஒரு பிரஷ், நாலு உப்புத்தாள். கூட்டிப் பார்த்த சுயம்புராஜின் முகம் கோணிப்போயிற்று. எண்பத்திரண்டு ரூபாய்.

"எண்பது தாரும், போதும்," என்றார்.

வாங்க வந்த ஆசாரிக்குச் சந்தோஷம். "தள்ளுபடியா அண்ணாச்சி?"

"தள்ளுபடியும் இல்ல, ஒண்ணும் இல்ல. அந்த நம்பரு இந்தக் கடையில நடக்காது."

ஆசாரிக்கு விஷயம் புரியவில்லை. இரணியல் ஸ்டேஷன் ரோட்டில் மற்ற எல்லோருக்கும் புரிந்திருந்தது. பெயின்ட் கடை சுயம்புராஜின் ஒரே மகள் நந்தனா பன்னிரண்டாம் வகுப்போடு சேர்த்து, கிளாட் என்கிற சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்கும் படித்துக்கொண்டிருந்தாள். மொத்தம் நூற்றிருபது மார்க். ஞாயிறுதோறும் கம்ப்யூட்டரில் ஒரு மாதிரித் தேர்வு. தொடக்கத்தில் ஐம்பது, அறுபது, எழுபது என்று மளமளவென்று ஏறிய பெண், ஓணம் கழிந்ததும் எண்பத்திரண்டில் வந்து சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். நல்ல கல்லூரியில் இடம் வேண்டுமென்றால் தொண்ணூற்றைந்தைத் தாண்ட வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிற சார் சொல்லியிருந்தார். தேர்வோ டிசம்பர் பிறந்ததும்.

சுயம்புராஜுக்கு மகள்மேல் இருந்தது வெறும் பாசம் என்று சொன்னால் அது பொய். பாதிக்கு மேல் பெருமை. கடைக்குப் புது நிறம் எது வந்தாலும், பலகையில் பூசிக் காட்ட வேண்டுமே என்று அவர் எழுதுவது 'அட்வகேட் எஸ். நந்தனா' என்றுதான். மஞ்சளில் ஒன்று, பச்சையில் ஒன்று, செங்கல் நிறத்தில் ஒன்று என்று கடை நிறைய நந்தனாக்கள் வக்கீலாகத் தொங்கிக்கொண்டிருந்தார்கள். டீக்கடையில் யார் வீட்டு வரப்புத் தகராறு பேச்சு வந்தாலும், "கொஞ்சம் பொறும் வேய், எம்மவ படிச்சிட்டு வரட்டு," என்று பல கேஸ்களை ஐந்து வருஷத்துக்குத் தள்ளி வைத்திருந்தார். இப்படி ஊரெல்லாம் வாய்தா கொடுத்த மனிதர், மகள் எண்பத்திரண்டில் நின்றால் எங்கே போய் முகத்தை வைப்பார்?

அவர் முதலில் கை வைத்தது சத்தத்தில். டிவி அணைந்தது. மிக்ஸி பரணுக்குப் போயிற்று. குக்கர் விசில் அடிக்கப் போகிற சமயம் பார்த்து ஓடிவந்து அடுப்பை அணைத்துவிடுவார். மனைவி முத்துக்கனி தேங்காய் அரைக்கப் பக்கத்து வீட்டுக்கு நடந்தாள். வீட்டில் எல்லோரும் அரைவேக்காட்டுச் சோறு தின்றார்கள். இவ்வளவு நிசப்தத்தைத் தாங்க முடியாமல் நந்தனா புத்தகத்தின்மேல் தலையை வைத்துத் தூங்கிப்போனாள். அந்த ஞாயிறு எண்பது.

அடுத்து மூளைக்கு வல்லாரை. வல்லாரைத் துவையல், வல்லாரைத் தோசை, விடிந்ததும் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் வல்லாரைச் சாறு. மாதிரித் தேர்வின் நடுவில் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து எழுந்து ஓடினாள். எழுபத்தொன்பது.

"நீங்க கைய வைக்காம இருந்தா எம்பத்திரெண்டாவது நின்னிருக்கும்," என்றாள் முத்துக்கனி.

சுயம்புராஜ் நேராக மகளிடமே போனார். "மக்களே, உள்ளதச் சொல்லு. எங்கன தட்டுது?"

நந்தனா பேனாவை மூடினாள். "இங்கிலீஷ் வருது. பொது அறிவு வருது. சட்டப் பகுதியிலதாம்ப்பா மாட்டுகேன். ஏ-ன்னு ஒருத்தன், பி-ன்னு ஒருத்தன். ஏ-க்க மாடு பி-க்க வயல்ல மேஞ்சுதுன்னு ஒரு பக்கத்துக்குக் கதை. யாரு பக்கம் நியாயம்னு கேள்வி. எனக்கு ஏ-யையும் தெரியாது, பி-யையும் தெரியாது. தெரியாத ஆளுவளுக்க சண்டையில என்ன ருசி இருக்கு?"

சுயம்புராஜ் முகம் தெளிந்தது. தெரிந்த ஆட்களின் சண்டை வேண்டும், அவ்வளவுதானே! பெயின்டில் நிறம் குறைந்தால் நிறம் சேர்ப்பது போல, இதில் உயிர் குறைகிறது, உயிரைச் சேர்க்க வேண்டியதுதான். பி தயார், அது அவரே. ஏ-க்கு ஆள் தேடவும் தூரம் போக வேண்டியதில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் ஜாஸ்பர் இருந்தார்.

ஜாஸ்பர் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு ஊரோடு வந்து சேர்ந்தவர். அவரும் சுயம்புராஜும் நல்ல சேக்காளிகள். ஜாஸ்பர் வீட்டுத் தென்னை ஒன்று மதிலைத் தாண்டி இந்தப் பக்கம் சாய்ந்து, காயையெல்லாம் சுயம்புராஜ் முற்றத்தில்தான் போடும். காய் விழுந்த சத்தம் கேட்டால் ஜாஸ்பர், "ஓய், எறியும்!" என்பார். சுயம்புராஜ், "பிடியும்!" என்று மதிலுக்கு மேலே எறிவார். முத்துக்கனிக்குத் தேவையென்றால் எறிய மாட்டார். யாருக்கு எத்தனை போயிற்று என்று இரண்டு வீட்டிலும் யாரும் எண்ணியதில்லை.

விஷயத்தை ஜாஸ்பரிடம் சொல்லிவிட்டே சண்டை போடலாமா என்றும் சுயம்புராஜ் யோசித்தார். ஆனால் ஜாஸ்பருக்கு நடிக்க வராது. கிறிஸ்துமஸ் நாடகத்தில் ஆட்டிடையன் வேஷம் போட்டு, தேவதூதனைப் பார்த்ததும் கெக்கெக்கே என்று சிரித்த ஆள். சண்டை நிஜமாக இருந்தால்தான் மகளுக்கு ருசிக்கும். மனசைக் கல்லாக்கிக்கொண்டார்.

மறுநாள் காலையில் தொப்பென்று ஒரு காய் விழுந்தது.

"ஓய், எறியும்!"

"எறிய மாட்டேன்."

மதிலுக்கு மேலே ஜாஸ்பரின் தலை எழும்பியது. "கையில சுளுக்கா வேய்?"

"சுளுக்கில்ல. சட்டம். உம்ம தென்ன எனக்க ஆகாசத்துல நிக்கி. எனக்க ஆகாசத்துலேருந்து விழுந்தது எனக்கது."

ஜாஸ்பர் வானத்தை அண்ணாந்து பார்த்தார். "காலையிலயே வெயிலு கூடுதலு," என்று சொல்லிவிட்டுத் தலையை இறக்கிக்கொண்டார்.

கடையடைத்து வந்ததும் சுயம்புராஜ் மகளிடம் கேஸை வைத்தார். "ஏ வீட்டுத் தென்ன பி வீட்டுக்குள்ள சாஞ்சு நிக்கி. காய் பி-க்க முத்தத்துல விழுது. காய் யாருக்கு?"

"ஏ ஜாஸ்பர் மாமாதானேப்பா?"

"பேரு சொல்லப்பிடாது. கோர்ட்டு வெவகாரம்."

நந்தனாவின் கண் பளிச்சென்றது. வெகுநாளாக அந்தக் கண்ணில் அவர் பார்க்காத பளிச்சு. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பி-க்கு என்னென்ன உரிமை உண்டு என்று விரல்விட்டுச் சொல்லிக்கொடுத்தாள். சுயம்புராஜுக்குப் புல்லரித்துப்போயிற்று.

மறுநாள் அதையெல்லாம் மதிலில் போய் ஒப்பித்தார். ஜாஸ்பர் கேட்டுக்கொண்டே நின்றார். "நாளைக்குச் சொல்லுகேன்," என்று உள்ளே போய்விட்டார். அடுத்த நாள் பதில் வந்தது.

"வேரு எங்க வேய் இருக்கு?"

"உம்ம மண்ணுல."

"தண்ணி ஊத்துனது?"

"நீரு."

"பின்ன, காய மட்டும் ஆகாசம் பெத்துதோ? விழுந்த எடத்தப் பாத்துச் சொந்தம் மாறாது. உம்ம முண்டு காத்துல பறந்து எனக்க முத்தத்துல விழுந்தா எனக்கதாயிருமா? ஆயிரும்னா சொல்லும், எனக்கும் ரெண்டு முண்டு வேணும்."

சுயம்புராஜ் இடுப்பு வேட்டியை இறுக்கிக் கட்டினார். மஸ்கட்டிலிருந்து வந்தபிறகு இந்த மனிதர் பேசிய மொத்தப் பேச்சும் மீன் விலையும் கரன்ட் கட்டும்தான். இப்படிப் பேச எங்கே படித்தார்? ஜாஸ்பர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாவம், எவ்வளவு கோபமோ என்று சுயம்புராஜுக்கு மனசு சுட்டது.

ஆனால் அந்த ஞாயிறு நந்தனாவுக்கு எண்பத்தைந்து.

எண்பத்தைந்து! சுயம்புராஜ் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தார். இனிச் சண்டையை நிறுத்துவது பெற்ற மகளுக்குச் செய்கிற துரோகம்.

கேஸ் முடிகிறவரை விழுந்த காய்களை யாரும் தொடக்கூடாது என்று சாக்கில் கட்டி மாட்டுக்கொட்டிலில் வைத்தார். "கஸ்டடி," என்றார்.

"கஸ்டடியாம்!" முத்துக்கனி கையிலிருந்த அகப்பையை ஓங்கினாள். "தேங்கா இல்லாம தீயலுக்கு எதப் போட்டு வறுப்பேன்? மீன் கொழம்புக்கு எத அரைப்பேன்? முத்தத்துல தென்ன சாஞ்சு கெடக்கு, நான் சந்தையில போயித் தேங்கா வாங்குகேன். பாக்குகவளுவ சிரிக்காளுவ."

"மவ ஜட்ஜியாவட்டு. பொறவு தேங்கா அரைச்சித் தின்னலாம்."

"அதுவர உப்புக்கல்ல நக்குங்க."

இரண்டாவது கேஸுக்கு நந்தனா சொன்ன வழி இன்னும் காரமாக இருந்தது. நம் எல்லைக்குள் நீண்ட கிளையை நாம் வெட்டலாம். சுயம்புராஜ் ஆள் வைத்து, மதிலுக்கு இந்தப் பக்கம் தொங்கிய ஓலையையெல்லாம் வெட்டித் தள்ளினார். ஜாஸ்பர் பார்த்துக்கொண்டே நின்றார். "நாளைக்குச் சொல்லுகேன்."

நாளைக்குச் சொன்னார். "வெட்டுனது சரி. அது உமக்க உரிமை. ஆனா வெட்டுன ஓலை எனக்க சொத்து. எனக்க முத்தத்துல கொண்டு வையும்."

சட்டம் தெரிந்த பெண்ணைப் பெற்ற பாவத்துக்கு அதையும் மகளிடம் கேட்டார். "அவரு சொல்லுகது சரிதாம்ப்பா," என்றாள் நந்தனா வருத்தத்தோடு. ஆக, கூலி கொடுத்து வெட்டிய ஓலையைத் தன் தலையிலேயே தூக்கி, தெருவழியாகச் சுற்றி, ஜாஸ்பர் வீட்டு முற்றத்தில் கொண்டு அடுக்கினார். ஜாஸ்பரின் மனைவி குளோரி, "பைய அண்ணே, மட்ட காலுல விழுந்துரும்," என்று வழிகாட்டினாள். எதிர்வீட்டுக்காரர்கள் ஜன்னலைத் திறந்துவைத்துப் பார்த்தார்கள்.

ஞாயிறு எண்பத்தொன்பது.

மூன்றாவது கேஸை சுயம்புராஜ் சொந்த மூளையில் உருவாக்கினார். ஸ்கூட்டரைத் தென்னைக்கு நேர் கீழே கொண்டுபோய் நிறுத்தினார். காய் விழுந்து வண்டி சேதமானால் நஷ்டஈடு கேட்கலாமே. காற்று அடித்தது, மழை பெய்தது, ஒரு பிஞ்சுக் கொச்சங்காய்கூட விழவில்லை. கடைக்கு நடந்தே போனார், நடந்தே வந்தார். கால் வீங்கிப்போன ஒரு நாள், போதும் என்று வண்டியை எடுக்கக் கிட்டே போனபோது, விளைந்த காய் ஒன்று இறங்கி முன்விளக்கைச் சுக்குநூறாக்கியது.

"ஆகா!" என்று கைதட்டியவரை முத்துக்கனி கவலையோடு பார்த்தாள்.

"நஷ்டஈடு வையும்!" என்று மதிலில் முழங்கினார்.

"நாளைக்குச் சொல்லுகேன்."

நாளைக்கு வந்த பதில் இது. "அங்கன காய் விழும்னு உமக்குத் தெரியுமா, தெரியாதா? தெரியும். ஊருக்கே தெரியும். தெரிஞ்சே கொண்டு நிறுத்துனீரு. தெரிஞ்சு ஏத்துக்கிட்ட சேதத்துக்கு அடுத்தவன் பொறுப்பில்ல. நாங்கூட வண்டிய எடும் வேய்னு சொல்லலாம்னு பாத்தேன். பேச்சு வார்த்த இல்லியே, எப்பிடிச் சொல்ல?"

கடைசி வாக்கியம் சட்டம் இல்லை. அதுதான் சுயம்புராஜைக் குத்தியது. சாயங்காலம் இரண்டு பேரும் மதிலில் சாய்ந்துகொண்டு டீ குடித்தது நினைவுக்கு வந்தது. ஜாஸ்பர் இல்லாமல் குடித்த டீயெல்லாம் இப்போது வெறும் சுடுதண்ணீராக இருந்தது. போய்ச் சமாதானம் சொல்லிவிடலாமா என்று கால் பரபரத்தது. ஞாயிறு வந்தது. தொண்ணூற்று மூன்று. காலைக் கட்டிப்போட்டுக்கொண்டார்.

ஒரு சந்தேகம் மட்டும் அவரைத் தின்றது. கேட்டவுடன் பதில் சொல்லாமல் ஒரு நாள் தவணை வாங்குகிறாரே, யாரிடம் போய்க் கேட்கிறார்? குளோரியின் தம்பி அபின் வக்கீல் ஆபீஸ் ஒன்றில் குமாஸ்தா. அவனை ஒரு நாள் பஸ் ஸ்டாப்பில் மடக்கி, பழம்பொரி வாங்கிக் கொடுத்து விசாரித்தார்.

"அண்ணே, எனக்கு ஸ்டாம்பு ஒட்டத்தான் தெரியும்," என்றான் அபின் பழம்பொரியை முழுங்கியபடி. "அதுலயும் பாதி கோணலாப் போவும்."

அப்படியென்றால் ஆள் பெரிய ஆள். நாகர்கோவில் இல்லை, திருவனந்தபுரமாகத்தான் இருக்கும். ஹைக்கோர்ட்டு வரை போனவனாக இருக்கும். இந்த மாதிரி ஒரு மூளை எதிர்ப்பக்கம் இருந்தும் தன் மகள் சளைக்காமல் தினமும் புதுப்புது வாதம் எடுத்துக் கொடுக்கிறாளே என்று நினைத்தபோது, தோல்வியிலும் அவருக்கு மார்பு விரிந்தது.

தேர்வு நாள் வந்தது. மதியத்துக்கு மேல் திருவனந்தபுரத்தில் தேர்வு. காலையிலிருந்தே வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. தண்டவாளத்தில் மரம் விழுந்து ரயில் தாமதம் என்று செய்தி வந்தது. சுயம்புராஜ் ஒவ்வொரு டாக்ஸிக்காரனாகப் போன் போட்டார். ஒருவனும் எடுக்கவில்லை. நந்தனா ஹால் டிக்கெட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். அந்த முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. ஊரெல்லாம் பேசின பெருமை, மஞ்சளிலும் பச்சையிலும் எழுதின பெயர் எல்லாம் போகட்டும். இந்தப் பிள்ளை கண்முழித்துப் படித்தாளே, அதுக்கு என்ன பதில்?

மானத்தை விட்டு மதில்பக்கம் திரும்பினார். அதற்குள் வாசலில் ஹாரன் அடித்தது. ஜாஸ்பரின் கார்.

"ஏறும் வேய்," என்றார் ஜாஸ்பர் கண்ணாடியை இறக்கி. "கேஸு நாளைக்குப் பேசலாம். பிள்ளைய முன்னால இருக்கச் சொல்லும், பின்னால குலுங்கும்."

சுயம்புராஜ் பின்சீட்டில் உட்கார்ந்து, மழைத்தண்ணீர் என்று சொல்லிக்கொண்டு வழிநெடுக முகத்தைத் துடைத்தார். ஜாஸ்பர் குழியில் இறக்காமல், பெண்ணின் கையிலிருந்த தண்ணீர் பாட்டில்கூட ஆடாமல், நேரத்துக்கு முன்னாலேயே கொண்டு சேர்த்தார்.

முடிவு வந்தது. தொண்ணூற்றேழு.

ஸ்டேஷன் ரோடு அன்று அல்லோலகல்லோலப்பட்டது. சுயம்புராஜ் கடையை மூடிவிட்டு, முந்திரிக்கொத்துப் பலகாரத்தை ஓலைப்பெட்டியில் நிறைத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போனார். "எம்மவ! எனக்க மவ!" என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை. டீக்கடைக்காரர் தன் வரப்புத் தகராறை மறுபடி நினைவுபடுத்தினார். "அஞ்சே வருஷம் பொறும்," என்றார் சுயம்புராஜ். முத்துக்கனி மிக்ஸியைப் பரணிலிருந்து இறக்கி, யாரும் கேட்காமலே ஓடவிட்டாள்.

கடைசியாக அவர் போனது ஜாஸ்பர் வீட்டுக்கு. ஒரு கையில் முந்திரிக்கொத்து, தோளில் கஸ்டடிச் சாக்கு. சாக்கை முற்றத்தில் கவிழ்த்தார். சில காய்கள் முளைவிட்டிருந்தன.

"எல்லாம் உமக்கதுதான் வேய்," என்றார். "அன்னைக்கும் தெரியும், இன்னைக்கும் தெரியும். வேணுமின்னே இழுத்த சண்ட. பிள்ளைக்கு மார்க்கு ஏறாமக் கெடந்துது. தெரிஞ்ச ஆளுக்க கேஸு ஒண்ணு இருந்தா ஏறும்னு பாத்தேன். உம்ம மனசு எம்புட்டு நொந்துதோ, என்னைய மன்னிச்சிரும்."

ஜாஸ்பர் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று சுயம்புராஜுக்கும் அழுகை வந்தது.

"அழாதயும் வேய். ஆனா ஒரு காரியம் மறைக்காமச் சொல்லணும். ஒரு தடவகூட என்னால உம்மள ஜெயிக்க முடியல்ல. உமக்குச் சொல்லித்தந்த அந்த வக்கீலு யாரு? எம்மவ படிச்சு முடிச்சதும் அவருகிட்டதான் ஜூனியராச் சேக்கணும். அப்படியொரு மூளைய நான் கண்டதில்ல."

டீயோடு வந்த குளோரி, டம்ளரை அவர் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்.

"வக்கீலா? நல்லாருக்கு அண்ணே! நீங்க கடையடைச்சு வாறதுக்கு முன்னால உங்க மவதான் தெனமும் இங்க வந்து, 'எங்கப்பாவ நாளைக்கு இப்பிடித் தோக்கடிங்க மாமா'ன்னு இவருக்குப் பாடம் எடுத்துட்டுப் போவா."